வீடு கூடித் தேர் இழுப்போம்

சங்கு ஊதிய காலம்

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கடிகாரம் தேவைப்படவில்லை. சுரங்கத்தின் சங்கு ஊதும். ஊரே அதைக் கேட்டு எழும். ஒரு சங்கு ஊதினால் வேலைக்குப் புறப்பட வேண்டும். அடுத்த சங்கு ஊதினால் வேலை முடிந்தவர் வீடு திரும்புவார். அடுப்பு மூட்டுவது, பிள்ளைகளை எழுப்புவது, விளக்கை அணைப்பது எல்லாமே சங்கின் கணக்கில் நடந்தன.

தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ளது. 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடிப் போய் அங்கே குடியேறின. வரிசை வரிசையாகச் சிறிய வீடுகளில் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். அந்த வீடுகளுக்கு 'லைன் வீடு' என்று பெயர். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. தொழிலாளர்கள் கூண்டில் இறங்கிப் போய்ப் பாறையை உடைத்தார்கள்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கும் நின்றது. பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போக வேண்டும். நீண்ட தூரம். போவதற்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வருவதற்கும் அப்படியே.

இன்று அந்த வீடுகளைச் சங்கு நடத்தவில்லை. ரயில் நேரம் நடத்துகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சங்கு எல்லோருடைய காதிலும் விழுந்தது. ரயில் நேரமோ வீட்டில் முதலில் எழுபவரின் மனத்தில் மட்டுமே ஓடுகிறது.

முதலில் எழுபவர் யார்?

ஒரு வீட்டின் நாள்

எடுத்துக்காட்டாக, லைன் வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். வீட்டில் ஐந்து பேர். தாத்தாவுக்கு வயது 70. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூச்சு இரைப்பு உண்டு. அப்பா பெங்களூரில் காவல் வேலை செய்கிறார். அம்மா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. மகன் ஏழாம் வகுப்பு.

அம்மா விடியற்காலை 3.30 மணிக்கு எழுகிறார். அப்பா 5 மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஆக வேண்டும். டிபன் டப்பா கட்ட வேண்டும். பிறகு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்க வேண்டும். துணி துவைக்க வேண்டும். மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். 9.30 மணிக்குக் கடைக்குக் கிளம்ப வேண்டும். மாலை 6 மணி வரை கடையில் வேலை. வந்ததும் மறுபடி அடுப்பு. அப்பா இரவு 8.30 மணிக்கு வருகிறார். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அம்மா படுக்கும்போது மணி 11.

அம்மா தூங்குவது நாலரை மணி நேரம்.

மகளும் சும்மா இருப்பதில்லை. குழாயடியில் வரிசையில் நிற்கிறாள். வீடு பெருக்குகிறாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள். முதல் பாடம் கணக்கு. அந்தப் பாடம் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பில் போன பாடம் தேர்வில் வந்து நிற்கும்.

அந்த வீட்டில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் பேச்செல்லாம் அதட்டலாகத்தான் இருந்தது. "சாவி எங்கே?" "சட்டை காயலையா?" "சீக்கிரம்! சீக்கிரம்!" யாரும் கெட்டவர் இல்லை. யாருக்கும் நேரம் இல்லை.

ஒரு நாள் மாலை தையல் எந்திரத்தின் முன் அம்மாவுக்குக் கண் அசந்துவிட்டது. ஊசி விரலில் இறங்கியது. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் வழக்கம்போல அரிசி களையப் போனார்.

தாத்தா கேட்ட கேள்வி

அன்று இரவு தாத்தா தன் மகனைக் கூப்பிட்டார்.

"சுரங்கத்தில ஒருத்தன் ஒரு ஷிப்டு முடிச்சுட்டு, அடுத்த ஷிப்டுக்கும் உள்ளே இறங்கினா என்ன ஆகும்?"

"தூங்கி விழுவான். அவனுக்கும் ஆபத்து. கூட இருக்கிறவனுக்கும் ஆபத்து."

"தெரியுது இல்ல? இந்த வீட்ல ஒருத்தி தினமும் ரெண்டு ஷிப்டு பார்க்கிறா. நானும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நானும் காலையில அஞ்சு மணிக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தானேப்பா வர்றேன்?"

அவர் சொன்னதும் உண்மைதான். பதினைந்தரை மணி நேரம் வெளியே இருக்கிறார். ரயிலில் பல நாள் நின்றுகொண்டே வருகிறார்.

அம்மா சொன்னார்: "நான் யாரையும் குறை சொல்லலைங்க. எனக்குத் தூக்கம்தான் வேணும்."

தாத்தா சொன்ன சுரங்கக் கணக்குக்குச் சட்டமும் உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், பூமிக்குக் கீழே வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றும், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வரம்பு வைத்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தந்தது. களைத்தவர் வேலை செய்தால் விபத்து வரும் என்பது சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வேலைக்கு அப்படிச் சட்டம் கிடையாது. வீட்டில் உள்ளவர்களே வரம்பு வைக்க வேண்டும்.

நாடு முழுதும் இதே கதை

இது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்திய அரசு கணக்கெடுத்திருக்கிறது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் சோதனையாக இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. 2019-இல் நாடு முழுவதும் நடந்தது.

2019-இல் தெரிந்தது இதுதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களில் ஏறத்தாழ 81 பேர் தினமும் சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்தார்கள். 100 ஆண்களில் ஏறத்தாழ 26 பேர்தான் செய்தார்கள். வேலை செய்த பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செய்தார்கள். அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம். வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம் செய்தார்கள்.

2024-இல் மறுபடி நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். ஐந்து ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை.

நாட்டின் கணக்கை மாற்ற நாளாகும். வீட்டின் கணக்கை இந்த வாரமே மாற்றலாம்.

முதலில் எழுதிப் பார்த்தார்கள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் சிலேட்டை எடுத்தாள். ஒரு நாளில் யார் எத்தனை நிமிடம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

அம்மாவின் வேலை:
காலைச் சமையல் - 90 நிமிடம்
இரவுச் சமையல் - 60 நிமிடம்
இரண்டு வேளைப் பாத்திரம் - 60 நிமிடம்
துணி - 45 நிமிடம்
தண்ணீர் - 40 நிமிடம்
பெருக்கித் துடைப்பது - 30 நிமிடம்
மாத்திரை கொடுப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது - 20 நிமிடம்
மொத்தம் - 345 நிமிடம்

மகள் - 70 நிமிடம்
மகன் (கடைக்குப் போய் வருவது) - 10 நிமிடம்
அப்பா - 0
தாத்தா - 0

345 நிமிடம் என்றால் ஐந்தே முக்கால் மணி நேரம். தையல் கடையில் 8 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் பதின்மூன்றே முக்கால் மணி நேரம்.

மகன் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தான். "தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் முட்டை!" என்றான்.

தாத்தா சிரிக்கவில்லை. "எனக்கு எழுதின சைபரை முதல்ல அழி" என்றார்.

யார் எதைச் செய்யலாம்?

வேலையைப் பிரிக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். இந்த வேலையை யாரால் செய்ய முடியும்? யாருக்கு அந்த நேரத்தில் கை ஓய்வாக இருக்கிறது? இது ஆண் வேலையா, பெண் வேலையா என்று கேட்கவில்லை.

தாத்தாவால் குடம் தூக்க முடியாது. மூச்சு வாங்கும். ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம். மாலையில் கீரை ஆய்ந்து, காய் நறுக்கி, மூடி வைக்கிறார். காலையில் பாலையும் குக்கரையும் பார்த்துக்கொள்கிறார். காய்ந்த துணியை மடிக்கிறார். தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறார். மொத்தம் 75 நிமிடம்.

அப்பா களைத்து வருகிறார். அவருக்கு அதிக வேலை கொடுக்கவில்லை. தன் டிபன் டப்பாவைத் தானே கழுவித் தானே கட்டிக்கொள்கிறார். இரவுப் பாத்திரம் அவருடையது. 35 நிமிடம். போர்வை, கனத்த சட்டை போன்ற துணிகளை ஞாயிற்றுக்கிழமை அவரே துவைக்கிறார்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து தண்ணீருக்குப் போகிறார்கள். ஒருவர் வரிசையில் நிற்கிறார். மற்றவர் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். 20 நிமிடத்தில் முடிகிறது. காலையில் தம்பி பெருக்குகிறான். மாலையில் அக்கா பெருக்குகிறாள். கடைக்குப் போவது தம்பி. அக்காவுக்கு 35 நிமிடம். தம்பிக்கு 45 நிமிடம்.

அம்மாவுக்குக் காலைச் சமையல் 60 நிமிடமாகக் குறைந்தது. காய் முன்பே நறுக்கியிருக்கிறது அல்லவா? இரவுச் சமையல் 50 நிமிடம். காலைப் பாத்திரம் 30 நிமிடம். துணி 30 நிமிடம். மொத்தம் 170 நிமிடம்.

முன்பு வீட்டு வேலை மொத்தம் 425 நிமிடம். இப்போது 360 நிமிடம். வேலையைப் பிரித்ததால் அம்மாவின் சுமை பாதியாகக் குறைந்தது. முன்கூட்டியே செய்ததால் மொத்த வேலையும் குறைந்தது.

இப்போது அம்மா 4.15 மணிக்கு எழுகிறார். இரவு 10 மணிக்குப் படுக்கிறார். ஆறே கால் மணி நேரம் தூங்குகிறார். மகள் கணக்குப் பாடத்துக்கு நேரத்தோடு போகிறாள்.

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. தாத்தா நறுக்கிய கத்தரிக்காய் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தது. அப்பா கழுவிய தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அதை எடுத்துத் திரும்பக் கழுவ அம்மாவின் கை போனது. மகள் தடுத்தாள். "விடும்மா. நாளைக்கு அப்பாவே நல்லாக் கழுவுவாரு."

இது முக்கியமான இடம். ஒருவர் செய்த வேலையை மற்றவர் திரும்பச் செய்தால் இரண்டு பேருக்கும் நட்டம். செய்தவருக்கு மனம் விட்டுப்போகும். திரும்பச் செய்பவருக்குச் சுமை திரும்பி வரும். பழகும்வரை பொறுக்க வேண்டும்.

இரவே செய்தால் காலை இனிக்கும்

காலை நேரத்துப் பதற்றம் பெரும்பாலும் முந்தைய இரவில் தொடங்குகிறது. அந்த வீட்டில் படுக்கும் முன் ஐந்து காரியம் பார்க்கிறார்கள்.

1. சாவி, ரயில் பாஸ், கண்ணாடி மூன்றும் வாசல் ஆணியில் தொங்கும் பையில் இருக்க வேண்டும்.
2. பள்ளிப் பை கட்டியிருக்க வேண்டும். சீருடை எடுத்து வைத்திருக்க வேண்டும்.
3. காய் நறுக்கியிருக்க வேண்டும். கொண்டைக்கடலை, பட்டாணி சமைப்பதாக இருந்தால் ஊறப் போட வேண்டும். ஊறிய கடலை சீக்கிரம் வேகும். எரிவாயு மிச்சம்.
4. குடிக்கும் தண்ணீர் மூடி வைத்திருக்க வேண்டும்.
5. நாளைக்கு யாருக்கு என்ன அவசரம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்துக்கும் சேர்த்து 10 நிமிடம் போதும். ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்று வைத்தால் தேடும் நேரம் மிச்சம். தேடும்போது வரும் கோபமும் மிச்சம்.

சேர்ந்து உண்ணும் வேளை

முன்பு அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவார். சட்டியில் மிஞ்சியதுதான் அவருக்கு. இப்போது இரவு 9 மணிக்கு ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள். சோறும் குழம்பும் நடுவில் இருக்கும். வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவும் சூடாகச் சாப்பிடுகிறார்.

அந்த அரை மணி நேரத்தில் தொலைக்காட்சி இல்லை. கைபேசி இல்லை. தாத்தா சுரங்கத்தின் கதை சொல்கிறார். பூமிக்கு அடியில் எவ்வளவு சூடு இருக்கும், கூண்டு இறங்கும்போது காது எப்படி அடைக்கும் என்று சொல்கிறார். பிள்ளைகள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறார்கள். அப்பா ரயிலில் நடந்ததைச் சொல்கிறார்.

நம் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் குறைவு. ஆனால் அதைவிட இதமான பேச்சு நம்மிடம் உண்டு. "நீ உட்காரு, நான் பார்த்துக்கிறேன்." இதைக் கேட்டவரின் பாதிக் களைப்பு போய்விடும். சொன்னவர் எழுந்து அந்த வேலையைச் செய்தால் மீதிக் களைப்பும் போய்விடும்.

அம்மாவுக்கு இப்போது நாளில் சிறிது நேரம் மிஞ்சுகிறது. சில நாள் வாசற்படியில் உட்காருகிறார். சில நாள் பக்கத்து வீட்டில் பேசிவிட்டு வருகிறார். சில நாள் சும்மா இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அது அவருடைய நேரம்.

ஒழுங்கு வளைய வேண்டும்

எந்த ஒழுங்கும் எல்லா நாளும் நடக்காது. ரயில் தாமதமாகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். சொல்லாமல் விருந்தாளி வருவார். குழாயில் தண்ணீர் வராது.

அப்படிப்பட்ட நாளில் அந்த வீட்டில் மூன்று காரியத்தை மட்டும் விடாமல் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், அம்மாவின் தூக்கம். மற்றது நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். துவைக்காத துணி ஒரு நாள் காத்திருக்கும். உடம்பு காத்திருக்காது.

யார் எதைச் செய்வது என்பதைச் சிலேட்டில்தான் எழுதியிருக்கிறார்கள். சிலேட்டில் எழுதியதை அழித்து எழுதலாம். மகளுக்குத் தேர்வு வந்தபோது அவளுடைய 35 நிமிடத்தைத் தம்பியும் தாத்தாவும் பிரித்துக்கொண்டார்கள். தாத்தாவுக்கு மூச்சு இரைப்பு அதிகமான வாரத்தில் காய் நறுக்குவது மகளிடம் வந்தது. யாரும் கணக்குக் கேட்டுச் சண்டை போடவில்லை. நாளைக்கு நமக்கும் அப்படி ஒரு வாரம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். வீடும் ஒரு தேர்தான். ஒருவரே இழுத்தால் வடம் கையை அறுக்கும். சிறு பிள்ளையும் ஒரு கை பிடித்தால் தேர் நகரும்.

நினைவில் வைப்போம்

- வீட்டு வேலையும் வேலைதான். அதற்கும் நேரம் ஆகும்.
- முடிந்தவர் செய்ய வேண்டும். ஆண், பெண் என்று பார்க்க வேண்டாம்.
- படிக்கும் பெண் பிள்ளையின் நேரத்தை வீட்டு வேலை விழுங்கக் கூடாது.
- தூக்கம் உடம்பின் தேவை. அதைக் குறைத்து வேலை செய்தால் விபத்தும் நோயும் வரும்.
- ஒருவர் பழகும்வரை மற்றவர் பொறுக்க வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. தங்கவயல் சுரங்கங்கள் எந்த ஆண்டு மூடப்பட்டன?
2. சுரங்கச் சட்டம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று வரம்பு வைத்தது? ஏன்?
3. 2019-இல் வேலை செய்த பெண்களுக்கு 299 நிமிடம். ஆண்களுக்கு 97 நிமிடம். வித்தியாசம் எத்தனை நிமிடம்?
4. அம்மாவின் வீட்டு வேலை 345 நிமிடத்திலிருந்து 170 நிமிடமாகக் குறைந்தது. மிச்சமான நேரம் எத்தனை மணி, எத்தனை நிமிடம்?
5. அப்பா கழுவிய தட்டை அம்மா திரும்பக் கழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். நேற்று யார் என்ன வீட்டு வேலை செய்தார், எத்தனை நிமிடம் செய்தார் என்று பக்கத்தில் எழுதுங்கள். சாப்பிடும் நேரத்தில் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சைபர் வாங்கியவருக்கு முதலில் ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள்.